வாம்பயர் காதல் நாவல்களைப் பற்றி வாசகர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள்?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகள், ரத்தம் குடிக்கும் வாம்பயரை ஒரு பெண் காதலிக்கும் ‘ட்விலைட்’ வரிசையின் நான்கு புத்தகங்களையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு, இதே மாதிரி இன்னும் வேண்டும் என்கிறாள். நீங்கள் மற்ற வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பார்த்திருக்கிறீர்கள். பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேர் பெண்பிள்ளை கையில் கொடுக்கவே கூடாத புத்தகம் என்கிறார்கள். யார் சொல்வது சரி, இதனால் அவளுக்குக் கெடுதல் உண்டா, அடுத்து எதைக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வகை நாவல்களை நான் இருபது வருடமாக விடாமல் படிக்கிறேன். முதல் புத்தகத்தை வாடகை நூலகத்தில் எடுத்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். இப்போது என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். வாசகியாக ஒரு பதிலும் அம்மாவாக இன்னொரு பதிலும் என்னிடம் இல்லை. இரண்டும் ஒரே பதில்தான், ஆனால் கொஞ்சம் நீளமானது.

கொண்டாடுபவர்களும் திட்டுபவர்களும் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் காட்டுகிறார்கள். அதைக் கவனித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். மூன்றாவது புத்தகமான ‘எக்லிப்ஸ்’ தொடக்கத்தில் கதாநாயகி பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கக் கிளம்புகிறாள். ஜேக்கப் ஓநாயாக மாறுபவன். கோபம் வந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. அவள் காதலிக்கும் வாம்பயர் எட்வர்டுக்கு அதில் பயம். அவன் என்ன செய்கிறான் தெரியுமா? பெல்லாவின் பழைய டிரக்கில் இன்ஜினின் ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். வண்டி கிளம்பவில்லை. அவள் கொதித்துப்போய் வீட்டுக்குள் போகும்போது, இன்று இரவு நான் வர வேண்டாம் என்றால் ஜன்னலை மூடிவிடு, புரிந்துகொள்கிறேன் என்கிறான். அவள் மாடிக்குப் போய் ஜன்னலை ஓங்கிச் சாத்துகிறாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு பெருமூச்சு விட்டு அகலமாகத் திறந்துவிடுகிறாள்.

ஒரு வாசகி இதைப் படித்துவிட்டு, தன்மேல் இவ்வளவு பயம் வைத்திருக்கும் ஒருவன் கிடைப்பானா என்று ஏங்குகிறாள். இன்னொருத்தி, ஸ்கூட்டி சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் புருஷனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று புத்தகத்தை மூடிவிடுகிறாள். இரண்டு பேரும் காட்சியைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். காட்சிக்குள் இரண்டுமே இருக்கிறது. பின்னால் அதே புத்தகத்தில் எட்வர்ட் தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறான், அவளை நம்பி அனுப்பவும் தொடங்குகிறான். திட்டுபவர்கள் பலர் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே விலகிவிடுகிறார்கள். கொண்டாடுபவர்கள் பலர் இந்த இடத்தை மட்டும் வைத்து முன்னதை மன்னித்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்த நாவல்களின் கரு பல்லும் இல்லை, ரத்தமும் இல்லை. நினைத்தால் ஒரு நொடியில் உன்னைக் கொன்றுவிடக்கூடிய ஒருவன், கொல்லாமல் தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டு உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் கரு. ‘ட்விலைட்’ எழுதிய ஸ்டெஃபனி மேயருக்கு 2003 ஜூன் 2ஆம் தேதி வந்த கனவே அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். காட்டுக்குள் ஒரு புல்வெளி, ஒரு சாதாரணப் பெண், வெயிலில் மின்னும் ஒரு வாம்பயர். அவளை நேசிக்கிறேன், அவள் ரத்தத்தின் வாசனையும் இழுக்கிறது, கொல்லாமல் இருப்பது கடினமாக இருக்கிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். மூன்று சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு அவர் எழுதி முடித்த நாவலின் 13ஆம் அத்தியாயம் அந்தக் கனவுதான். மற்ற அத்தியாயங்கள் அதற்கு முன்னும் பின்னும் கட்டியவை. 2005ல் புத்தகம் வந்தது.

அந்தத் தன்னடக்கத்தைக் காதல் என்று படிப்பதா, மிரட்டல் என்று படிப்பதா? வாசகர் சண்டைகளில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும்.

இன்னொரு சண்டையும் காதில் விழுந்திருக்கும்: உண்மையான வாம்பயர் வெயிலில் எரிந்து சாக வேண்டும், மின்னக் கூடாது, மேயர் மரபைக் கெடுத்துவிட்டார் என்பது. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். பிராம் ஸ்டோக்கர் 1897ல் எழுதிய ‘டிராகுலா’வில் டிராகுலா பகலில் நடமாடுகிறான், சக்தி குறைந்துவிடும், அவ்வளவுதான். கடைசியில் அவனைக் கொல்வது கத்திகள். சூரிய ஒளி பட்டு அழிவது 1922ல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப்படத்தில் வந்தது. கிழக்கு ஐரோப்பியக் கிராமத்துக் கதைகளின் பழைய வாம்பயரோ அழகனே இல்லை, உப்பிச் சிவந்து புதைகுழியிலிருந்து எழும் பிணம். அதற்குப் பிரபு வேஷம் போட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது ஆங்கிலக் கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்த ஜான் பாலிடோரி 1819ல் எழுதிய கதை. அதாவது ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய வாம்பயரைச் செய்துகொண்டது.

காதலின் கதையும் அப்படித்தான். டிராகுலா என்றால் நூற்றாண்டுகள் தாண்டி மனைவியைத் தேடி வந்த காதலன் என்று நினைத்துக்கொண்டு நாவலைக் கையில் எடுக்கிறவர்கள் ஏமாந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டோக்கரின் நாவலில் அப்படி ஒரு காதலே கிடையாது. நாயகி மீனா அவனுக்கு இரை, அவனைத் துரத்துகிறவர்களைப் பழிவாங்க ஒரு வழி. இழந்த காதலியின் மறுபிறவி என்ற இழையை டான் கர்ட்டிஸ் தன் ‘டார்க் ஷேடோஸ்’ தொலைக்காட்சித் தொடரில் பார்னபஸ் காலின்ஸ் என்ற வாம்பயருக்குக் கட்டினார். அந்தத் தொடர் 1966 முதல் 1971 வரை பிற்பகலில் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் வீட்டில் இருந்த பெண்களும் பார்த்தார்கள். 1974ல் தானே எடுத்த டிராகுலா தொலைக்காட்சிப் படத்திலும் அதே இழையைக் கோத்தார். 1992ல் கொப்போலா எடுத்த டிராகுலா படம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. மறுபிறவிக் காதலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது இயல்பாகத் தெரிவதால், மூல நாவலிலும் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

இடையில் 1976ல் ஆன் ரைஸ் ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ எழுதினார். ஐந்து வயது மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தபின் எழுதிய புத்தகம் அது. அதில் வரும் கிளாடியா ஐந்து வயது உடலுக்குள் மாட்டிக்கொண்டு, மனம் மட்டும் பெரியவளாகி, சாகவும் முடியாமல் வளரவும் முடியாமல் தவிக்கிறாள். ஒரு தாயாக அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. வாம்பயருக்கு மனசாட்சியும் துக்கமும் உண்டு என்று இந்தப் புத்தகம் ஆழமாகப் பதிய வைத்தது. ஆனால் காதல் நாவல் வாசகர்கள் இதைத் தங்கள் வகையில் சேர்க்க மாட்டார்கள். அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர்களின் சங்கம் ஒரு இலக்கணம் வைத்திருக்கிறது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ரைஸின் புத்தகத்தில் அந்த முடிவு கிடையாது.

இந்த இலக்கணம் சின்ன விஷயமில்லை. குறைந்த நட்சத்திரம் கொடுத்துக் கோபமாக எழுதப்பட்ட கருத்துகளில் நிறைய, புத்தகம் மோசம் என்பதால் வந்தவை அல்ல, வேறு வகைப் புத்தகம் என்று நினைத்து எடுத்ததால் வந்தவை. அமானுஷ்யக் காதல் நாவலில் ஒரு ஜோடிதான் கதை. அவர்கள் சேர்ந்ததும் புத்தகம் முடியும், அடுத்த புத்தகத்தில் அவன் தம்பிக்கோ நண்பனுக்கோ ஜோடி கிடைக்கும். ‘அர்பன் ஃபேன்டசி’ என்று அடுத்த அலமாரியில் இருப்பதில், ஒரு பெண் பத்துப் புத்தகங்களுக்குத் துப்பறிந்து கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருப்பாள், காதல் பக்கத்தில் மெதுவாக நடக்கும். 2006ல் தொடங்கிய பாட்ரிஷியா பிரிக்ஸின் மெர்சி தாம்சன் வரிசை அப்படிப்பட்டது. மெர்சி ஒரு கார் மெக்கானிக், கயோட்டி என்ற, ஓநாயைப் போன்ற சின்ன மிருகமாக மாறத் தெரிந்தவள். முதல் புத்தகத்தில் காதலை எதிர்பார்த்துப் போனவருக்கு ஏமாற்றம், துப்பறியும் கதைக்குப் போனவருக்கு விருந்து. அட்டைப்படம் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருப்பதுதான் கொடுமை.

இந்த எதிர்பார்ப்புக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சார்லெய்ன் ஹாரிஸுக்கு நடந்ததுதான் உதாரணம். அவருடைய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசை 2001ல் தொடங்கியது. லூசியானாவில் ஒரு சிற்றூர், அங்கே மதுக்கடையில் பரிமாறும் பெண் சூக்கி. அடுத்தவர் மனதில் ஓடுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். எந்த ஆணோடு பழகினாலும் அவன் அவளைப் பற்றி நினைக்கும் அசிங்கமும் சேர்ந்தே கேட்கும். வாம்பயர்களின் மனம் மட்டும் கேட்காது. பில் என்ற வாம்பயர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவளுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக அமைதி கிடைக்கிறது. எனக்கு இந்த வகையிலேயே மிகப் பிடித்த யோசனை இது. அவள் அவனிடம் போவது அவன் அழகுக்காக மட்டும் இல்லை, நிசப்தத்துக்காக. அதே நிசப்தம்தான் பின்னால் அவளை ஏமாற்றுகிறது: பில் தற்செயலாக வரவில்லை, ஒரு வாம்பயர் ராணி சொல்லி அவளை வளைக்கத்தான் வந்தான் என்று ஆறாவது புத்தகத்தில் தெரியவருகிறது. மனம் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பதின்மூன்று புத்தகங்கள். நடுவில் எரிக் என்ற இன்னொரு வாம்பயர். லட்சக்கணக்கான வாசகர்கள் சூக்கி எரிக்கோடுதான் சேர வேண்டும் என்று பல வருடம் காத்திருந்தார்கள். 2013ல் கடைசிப் புத்தகம் வந்தது. சூக்கி எந்த வாம்பயரோடும் போகவில்லை. மதுக்கடை முதலாளி சாமோடு, தன் ஊரில், தன் வீட்டில், வெயிலில் இருக்க முடிவு செய்கிறாள். ஹாரிஸுக்கு வசைகள் குவிந்தன, மிரட்டல்கள்கூட வந்தன. நான் எரிக் பக்கம் நின்றவள்தான், எனக்கும் வருத்தம். ஆனாலும் திரும்ப முதலிலிருந்து படித்தபோது, வெயில் காய்வது சூக்கிக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முதல் புத்தகத்திலிருந்தே ஹாரிஸ் சொல்லிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. வாசகர்கள் படித்தது காதல் நாவல். அவர் எழுதியது துப்பறியும் வரிசை. அவர் அதற்கு முன் எழுதியவையும் துப்பறியும் நாவல்கள்தான்.

இனி, சண்டை நியாயமாகவே சூடாகும் இடம்: விதிக்கப்பட்ட ஜோடி. இவளைப் பார்த்த நொடியே இவள்தான் என்று அவன் உடம்புக்குத் தெரிந்துவிடும், அவளுக்கு வேறு வழியும் இருக்காது. 1999ல் கிறிஸ்டின் ஃபீஹன் எழுதிய ‘டார்க் பிரின்ஸ்’ இதற்கு ஒரு பெரிய அச்சாக அமைந்தது. அவருடைய கார்பேத்தியன் என்ற வாம்பயர் போன்ற இனத்து ஆண்கள் காலப்போக்கில் உணர்ச்சியை இழந்துவிடுவார்கள், நிறங்கள்கூடத் தெரியாது, உலகம் சாம்பலாகிவிடும். தனக்கான துணையைக் கண்ட நொடியில் நிறங்கள் திரும்பிவரும். இந்த ஒரு படிமத்துக்காகவே அந்த வரிசையை லட்சக்கணக்கானோர் நேசிக்கிறார்கள், எனக்கும் அது மறக்காது. ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? அவன் சில சடங்கு வாக்கியங்களைச் சொன்னால் போதும், அவள் அவனோடு பிணைக்கப்பட்டுவிடுவாள். அவள் சம்மதம் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அவனைப் பிரிந்தால் அவளுக்குத்தான் வேதனை.

இதில் நான் குறை சொல்பவர்கள் பக்கம். விதி என்ற ஒன்றைக் காட்டி அவளுடைய ‘மாட்டேன்’ என்ற சொல்லைப் பிடுங்கிக்கொள்ளும் புத்தகம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது. தமிழில் தொடராக வரும் காதல் நாவல்களில் ‘ஆன்டி ஹீரோ’ கதைகளைச் சுற்றி நடக்கும் வாக்குவாதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டாயத் தாலி, அதன்பின் வரும் காதல், அதைச் சகிக்காத வாசகர்கள், ‘கதையைக் கதையாகப் பாருங்கள்’ என்று சொல்லும் வாசகர்கள். கேள்வி அதேதான். தாலிக்குப் பதிலாக அங்கே ரத்தப் பிணைப்பு.

ஆனால் இதே யோசனையை நேர்மையாகக் கையாண்டவர்களும் இருக்கிறார்கள். ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த நளினி சிங் 2006ல் தொடங்கிய வரிசையில், உணர்ச்சியே கூடாது என்று பிள்ளைகளைப் பழக்கும் மனோசக்தி இனம் ஒன்று, சிறுத்தையாகவும் ஓநாயாகவும் மாறும் இனம் ஒன்று. முதல் நாவலில் சாஷா என்ற பெண் உணர்ச்சி இருப்பதையே குறையாக நினைத்து மறைத்து வாழ்கிறாள். அவளைத் தேடி வரும் லூக்கஸ் சிறுத்தைக் கூட்டத்தின் தலைவன். அதிகாரமும் முரட்டுத்தனமும் உண்டு. ஆனாலும் யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்ற கணக்கு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. அவளிடம் இருப்பது அவன் கூட்டத்துக்கே தேவைப்படுகிறது.

ஆக்டேவியா பட்லர் 2005ல் எழுதிய ‘ஃபிளெட்ஜ்லிங்’ இதை இன்னும் கடுமையாகக் கேட்கிறது. அதில் வாம்பயர் கடித்ததும் மனிதருக்குச் சுகமும் ஆயுளும் கூடும், கூடவே விட முடியாத பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பழக்கப்பட்டவர் ‘நான் விரும்பித்தான் இருக்கிறேன்’ என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? பட்லர் பதில் தரவில்லை, கேள்வியை நம் மடியில் வைத்துவிட்டுப் போகிறார். அது அவருடைய கடைசி நாவல். நாயகி ஷோரி கறுப்பினப் பெண், அந்த நிறம்தான் அவளைப் பகலில் காக்கிறது. அவளுக்கு 53 வயது, பார்ப்பதற்கோ பத்து வயதுச் சிறுமி. சில காட்சிகள் பெரியவர்களையே நெளிய வைக்கும். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம், நீங்கள் படியுங்கள்.

வயது வித்தியாசம் பற்றிய புகாரையும் சொல்லிவிடுகிறேன். எட்வர்ட் பிறந்தது 1901, பெல்லாவுக்குப் பதினேழு. 1918ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது மாற்றப்பட்டதால் அவனும் பதினேழிலேயே நிற்கிறான். நூறு வயதுக்காரன் பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறான் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு இளம் வயதாகச் சொல்லிக்கொள்கிறோமோ அவ்வளவு காலம் ஒரே ஊரில் சந்தேகம் வராமல் இருக்கலாம் என்பது நாவல் தரும் காரணம். அது எனக்குப் போதும். வயது என்னை உறுத்துவது, அவன் தன் அனுபவத்தை வைத்து அவளுக்காக முடிவெடுக்கும்போதுதான். இரண்டாவது புத்தகமான ‘நியூ மூன்’ நாவலில் அவள் நன்மைக்காக என்று அவனே முடிவு செய்து விட்டுப் போகிறான். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள் வருகின்றன. அந்த வெறுமையைப் பதினேழு வயதில் படிக்கிறவள் அழுவாள். நாற்பதில் படித்த எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது.

மேயர் இந்தக் குறைகளைக் காதில் வாங்காமல் இல்லை. பெல்லாவை எப்போதும் ஒரு ஆண் வந்து காப்பாற்றுகிறான் என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக, 2015ல் ‘லைஃப் அண்ட் டெத்’ என்று அதே கதையை ஆண் பெண் மாற்றி எழுதினார். அதில் போ என்ற பையன் மனிதன், ஈடித் என்ற பெண் வாம்பயர். தோழிகளுடன் சேர்ந்து அதைப் படித்தபோது எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. அவன் தூங்கும்போது அவள் வந்து பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு ஏன் அவ்வளவாக உறுத்தவில்லை?

எனக்கு அப்போது தோன்றியது இது. நம் கதைகளில் ராத்திரியில் எதிர்ப்படும் ஆபத்தான அழகு பெரும்பாலும் பெண்தான். மோகினி, யட்சி என்று ஆண்களைத்தான் எச்சரித்து வைத்தார்கள். பழையனூர் நீலி தன்னைக் கொன்ற கணவனைத் தேடி வருகிறாள், அவள் சொல்லை நம்பிய எழுபது வேளாளர்களும் தீயில் இறங்குகிறார்கள். அங்கே பேயின் பின்னால் பெண்ணுக்கு இழைத்த அநீதி இருக்கிறது. வாம்பயர் காதல் அதைத் திருப்பிப் போடுகிறது. ஆபத்து ஆணிடம் இருக்கிறது, பெண் அவன் எதிரில் நின்று பார்க்கிறாள். நிஜ வாழ்வில் இருட்டில் வரும் ஆணுக்குப் பயப்படும் பெண், கதைக்குள் அந்தப் பயத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறாள். பெண்கள் இவ்வளவு பேர் இதை விரும்பிப் படிப்பதற்கு அது ஒரு காரணம் என்று நம்புகிறேன். அப்படிப் படிப்பவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று பேசுகிறவர்கள் அவளைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

நான்காவது புத்தகம் ‘பிரேக்கிங் டான்’ 2008 ஆகஸ்டில் வந்தபோது அமெரிக்காவில் முதல் நாளிலேயே பதின்மூன்று லட்சம் பிரதிகள் விற்றன. அதே வாரத்தில் கடையில் திருப்பிக் கொடுங்கள் என்று கோபப்பட்ட வாசகர்களும் அதே ரசிகர்கள்தான். என் கருத்தில் அவர்கள் கோபம் சரி. மூன்று புத்தகமாக, வாம்பயராக மாறினால் குடும்பம் போகும், மனிதத்தன்மை போகும், வருடக்கணக்கில் ரத்த வெறி ஆட்டிவைக்கும் என்று பயமுறுத்தினார்கள். பெல்லா மாறினாள். எதுவுமே போகவில்லை. வெறியை முதல் நாளே அடக்கிவிட்டாள், அப்பாவும் கூடவே இருக்கிறார், பெரிய போர் என்று திரண்டவர்கள் பேசிவிட்டுக் கலைந்துபோகிறார்கள். தன்னடக்கம்தான் கரு என்றால், அது இவ்வளவு சுலபமாக ஆனதும் கதையிலிருந்து காற்று இறங்கிவிடுகிறது. ஜேக்கப்பை பெல்லாவுக்கு அப்போதுதான் பிறந்த குழந்தையோடு விதிப்படி பிணைத்தது வேறு. அதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு குறையை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். ஜேக்கப்பின் குவிலியூட் இனம் கற்பனை இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் பசிபிக் கரையில் லா புஷ் என்ற ஊரில் இன்றும் வாழும் பழங்குடி மக்கள். ஓநாய்களிலிருந்து மனிதராக மாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. அதை எடுத்து, கோபம் வந்தால் ஓநாயாக மாறும் இளைஞர்களாக்கி, வாம்பயர் எதிர்ப்புக் கதையும் சேர்த்துவிட்டார் மேயர். புத்தகமும் படமும் சம்பாதித்தன, அந்த மக்களுக்கு அதில் பங்கு இல்லை. சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து எது அவர்கள் கதை, எது நாவலின் கற்பனை என்று விளக்கி வெளியிட்டது. அவர்களுடைய பள்ளிக்கூடம் சுனாமி அபாயம் உள்ள கடற்கரையில் இருந்தது, மேட்டு நிலத்துக்கு மாற நிலம் கேட்டு நீண்ட காலம் போராடினார்கள். 2012ல்தான் தேசியப் பூங்காவின் நிலத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குத் தரும் சட்டம் வந்தது. உங்கள் மகளுக்கு ஜேக்கப் பிடித்திருந்தால் இதையும் சொல்லுங்கள். சுனாமி என்ன செய்யும் என்று நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து எதைக் கொடுப்பது? ரிச்செல் மீட் 2007ல் தொடங்கிய ‘வாம்பயர் அகாடமி’ அவள் வயதுக்குப் பொருந்தும். ரோஸ், லிஸ்ஸா என்ற இரண்டு பெண்களின் நட்புதான் அதன் உயிர். ரோஸ் தன் பயிற்சியாளரைக் காதலிக்கிறாள், அவன் ஏழு வயது மூத்தவன், அந்த இடம் உறுத்தலாம். பிறகு ‘லைஃப் அண்ட் டெத்’. அதற்கும் பிறகு 1872ல் ஷெரிடன் லெ ஃபானு நூலாக வெளியிட்ட ‘கார்மில்லா’. சின்னப் புத்தகம், டிராகுலாவுக்கு முந்தையது. தனிமையில் வளரும் லாரா என்ற பெண்ணிடம் கார்மில்லா வருகிறாள். ஈர்ப்பும் அருவருப்பும் ஒன்றாக வருகிறது என்று லாராவே சொல்கிறாள். இன்றைய நாவல்களின் விதை அங்கே கிடக்கிறது.

டெபோரா ஹார்க்னஸின் ‘எ டிஸ்கவரி ஆஃப் விட்சஸ்’ கல்லூரி போனபின் கொடுக்கலாம். அவர் அறிவியல் வரலாற்றுப் பேராசிரியர், ஆக்ஸ்ஃபோர்டின் பழைய நூலகமும் ஒரு ரசவாதச் சுவடியும் கதையின் மையம். நூலக வாசனைக்காகவே எனக்குப் பிடிக்கும். நகரவே மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களோடு வாதாட மாட்டேன், உண்மைதான். நாயகன் அதட்டுகிறவன், ஆனால் நாயகியின் சக்தி அவனுடையதைவிடப் பெரியது. அலி ஹேசல்வுட் 2024ல் எழுதிய ‘பிரைட்’ வாம்பயர் பெண்ணுக்கும் ஓநாய்த் தலைவனுக்கும் சமாதானத்துக்காக நடத்தும் கல்யாணம். வீட்டில் பார்த்து முடித்த கல்யாணத்தில் காதல் வரும் கதைகளைப் படித்துப் பழகிய நம்மவர்களுக்கு உடனே பிடித்துவிடும், ஆனால் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை. ஃபீஹன், நளினி சிங், ஹாரிஸ் எல்லாமே பெரியவர்களுக்கு எழுதியவை.

கெடுதலா என்ற கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். நீங்களும் ‘எக்லிப்ஸ்’ படியுங்கள், அந்த டிரக் காட்சி வரைக்கும் படித்தால்கூடப் போதும். படித்துவிட்டு எட்வர்ட் நல்லவனா கெட்டவனா என்று அவளிடம் கேட்க வேண்டாம், அதற்கு அவள் தயாராகப் பதில் வைத்திருப்பாள். பெல்லா ஜன்னலைச் சாத்திவிட்டு ஏன் மறுபடி திறந்தாள் என்று கேளுங்கள். என் மகளிடம் பதினாறு வயதில் கேட்டேன். பாவம் அம்மா, அவளுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும் என்றாள். போன வருடம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான்னா திறந்திருப்பேன்மா. ஆனா மறுநாள் காலைல முதல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்ஜினைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்” என்றாள்.